மட்டக்களப்பு வாவியில் கொடுவாவுக்கு எந்த றப்பர் இரை?

கடையில் தொங்கும் றப்பர் இரை பக்கெற்றுகளின் முகப்பில் பச்சை முதுகும் அகன்ற வாயுமாக ஒரு மீன் துள்ளிக்கொண்டிருக்கும். அது அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ். நம் வாவியிலும் அது இல்லை, குளங்களிலும் இல்லை. 1949இல் ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் நிக் கிறீம் என்பவர் மென்பிளாஸ்ரிக்கில் முதற் புழுவை வார்த்தது அந்த மீனை நினைத்துத்தான். பின்னால் வந்த வடிவங்களில் பெரும்பாலானவையும் அதற்காகவே பிறந்தவை. ஹோட்டல்களில் சீ பாஸ் என்று எழுதப்படும் நம் கொடுவா வேறு இனம். உப்பிலும் நன்னீரிலும் மாறி மாறி வாழும். ஓட்டம் உள்ள இடத்தில் தூணுக்கும் கல்லுக்கும் பின்னால் ஒதுங்கி நின்று, இரை முகத்துக்கு நேரே வரும்போது வாயைத் திறந்து ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும். ஆகவே பக்கெற்றின் பின்புறத்தில் உள்ள வழிகாட்டலை அப்படியே பின்பற்றினால் பாதிதான் பலிக்கும்.

பலரும் நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். காசு வீணாவது அங்கேதான். முதலில் கேட்க வேண்டியது தண்ணீர் எவ்வளவு ஆழம், எவ்வளவு ஓட்டம் என்பது. அடுத்தது அடியில் மணலா, சேறா, கண்டல் வேரா. அதன்பின் மீன் இப்போது எதைத் துரத்துகிறது. இவற்றுக்கு விடை தெரிந்தால் ஈயத்தலையின், அதாவது கழுத்தில் ஈயம் வார்த்த முள்ளின், நிறையும் வாலின் வடிவமும் தானாக முடிவாகிவிடும். நிறம் கடைசி.

ஈயத்தலை முதலில்

நூறு ரூபாய் றப்பரோ ஆயிரம் ரூபாய் றப்பரோ, பொருந்தாத ஈயத்தலையில் இரண்டும் ஒன்றுதான். கொடுவாவின் மூக்குக்கு முன்னால் இரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது ஈயம்.

மட்டக்களப்பு வாவியின் பெரும்பகுதி ஆளுயரத்துக்கும் குறைந்த தண்ணீர். வலையிறவு, மண்முனைப் பக்கத்து ஓரங்களில் ஒன்றரை மீற்றருக்குட்பட்ட, ஓட்டமில்லாத தண்ணீரில் 3 முதல் 5 கிராம் தலை போதும். இரண்டு மூன்று மீற்றர் ஆழத்தில் 7 கிராம். முகத்துவாரம் வெட்டுப்பட்டு ஓட்டம் உள்ள நாட்களில் கல்லடிப் பாலத்தின் தூண்களுக்கு இடையில் 10 முதல் 14 கிராம் வேண்டும். பாலமீன்மட்டு வாயிலிலோ பெரியகல்லாற்று வாயிலிலோ தண்ணீர் இழுக்கும்போது 20 கிராம்கூட மிதந்துகொண்டு போவதுண்டு. பனிச்சங்கேணி, பொத்துவில் களப்புகளுக்கும் இதே கணக்குத்தான். இந்தக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் ஓட்டத்தை நாட்காட்டி சொல்லாது. வாய் திறந்திருக்கிறதா, ஆறுகளில் வெள்ளம் இறங்குகிறதா என்று போய்ப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

எண்ணிக்கையை மனப்பாடம் செய்வதைவிட ஒரு சோதனை மேல். வீசியதும் நூலைத் தளர விட்டு, இரை தண்ணீரைத் தொட்ட கணத்திலிருந்து எண்ணுங்கள். அடியைத் தொட்டதும் விறைப்பாக ஓடிய நூல் தொய்ந்து தண்ணீர்மேல் படுத்துவிடும். ஒரு மீற்றர் இறங்க ஏறக்குறைய மூன்று எண்ணிக்கை எடுத்தால் தலை சரி. ஒன்று எண்ணுமுன் அடித்து விழுந்தால் பாரம் அதிகம். இரை கல்லாக விழும், சேற்றில் புதையும், வேரில் சிக்கும். பத்துக்கு மேல் எண்ணியும் நூல் தொயவில்லை என்றால் பாரம் போதாது. ஓட்டம் இரையைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஐந்தாறு வீச்சு எதிலும் தட்டாமல் வந்தால் மீனில்லை என்று நினைத்து இடம் மாற்ற வேண்டாம். முதலில் தலையை மாற்றுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. மத்தியானத்துக்குப் பிறகு நூல் காற்றில் வில்லாக வளையும், 4 கிராம் தலை இறங்குவதே தெரியாது. அப்போது ஒரு படி கூட்டுங்கள், அல்லது வெயில் ஏறுமுன் வீசி முடியுங்கள்.

வாலைப் பார்த்து வாங்குதல்

நான்கு வடிவங்கள் இருந்தால் இந்த வாவிக்குப் போதும்.

பக்கெற்றில் ஷாட், பெடல் ரெயில் என்று போட்டிருப்பது துடுப்பு வால். தட்டையான நுனி தண்ணீரை இடமும் வலமும் தள்ளி அதிரும். கலங்கல் தண்ணீரில் கொடுவா பார்ப்பதற்கு முன்பே அந்த அதிர்வை உடலின் பக்கக்கோட்டால் உணரும். மழைக்காலத்துக்கும் இரவுக்கும் இதுதான் முதல் இரை. வாங்கும்போது பார்க்க வேண்டியது நுனிக்கு முன்னால் உள்ள ஒடுங்கிய கழுத்து. அது மெல்லியதாக இருந்தால் மெதுவாகச் சுற்றும்போதும் வால் ஆடும். தடித்ததாக இருந்தால் வேகமாகச் சுற்றினால்தான் ஆடும், அந்த வேகத்தில் கொடுவா துரத்தி வருவது குறைவு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல அசைத்துப் பாருங்கள். உடல் நிற்க வால் மட்டும் துவண்டு ஆடினால் எடுக்கலாம். முழுவதும் குச்சி மாதிரி அசைந்தால் வைத்துவிடுங்கள்.

சுருள் வால் எந்த வேகத்திலும் ஆடும், விழும்போதுகூட நெளியும். பழகுகிறவர்களுக்கு மிக எளிது. ஆனால் வாவியில் பேத்தை மீன் கூட்டமாக நிற்கும் இடங்களில் ஒரு வீச்சுக்கு ஒரு வால் போகும்.

நேர்வால் இரை, அதாவது நுனி ஒடுங்கி அம்பு போல முடிவது, தானாக எதுவும் செய்யாது. தடியின் நுனியை இரண்டு தரம் தட்டி நிறுத்தினால் பக்கவாட்டில் பாய்ந்து, பின் அடிபட்ட மணலை மீன் குஞ்சு போலச் சாய்ந்து இறங்கும். தெளிந்த தண்ணீரில், கண்டல் வேருக்கு அருகில், பகலில் இதற்கு நிகர் இல்லை. கை பழக நாளாகும்.

இறால் வடிவம் வாவியின் இயல்போடு மிகவும் பொருந்துவது. பாலத்து விளக்கின் கீழ் இறாலும் குஞ்சு மீனும் கூடும். கொடுவா வெளிச்சத்தில் நிற்காது, வெளிச்சமும் நிழலும் சேரும் கோட்டுக்கு நிழற்பக்கத்தில் நிற்கும். அந்தக் கோட்டுக்கு ஓட்டம் வரும் பக்கத்தில் போட்டு, ஓட்டத்தோடு இறங்க விட்டு, ஒரு சாண் மட்டும் தூக்கி, மூன்றிலிருந்து ஐந்து எண்ணிக்கை நிறுத்த வேண்டும். கொத்து பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் விழும். இறாலை மீன் போலத் தொடர்ந்து சுற்றி இழுப்பதுதான் பலர் செய்யும் தவறு. உயிருள்ள இறால் அப்படி ஓடுவதில்லை. துள்ளும், நிற்கும், அடியில் ஊரும். பாலத்தின் மேலிருந்து தூண்டில் போடுகிறவர்கள் கயிறு கட்டிய வட்ட வலை ஒன்றைக் கூடவே கொண்டுபோக வேண்டும். ஐந்து கிலோ மீனை நூலிலேயே தூக்கினால் பாதி உயரத்தில் முள் கிழித்துக்கொண்டு விழுந்துவிடும்.

அளவும் முள்ளும்

3 முதல் 4 அங்குலம் ஆண்டு முழுவதும் செல்லும். பெரிய மணலை கூட்டமாக ஓடும் காலத்தில் 5 அங்குலம் போடலாம். தண்ணீரில் இறாற்குஞ்சும் நெத்தலியும்தான் தெரிகிறது என்றால் இரண்டரை அங்குலத்துக்கு இறங்குங்கள். பெரிய மீன்கூட அந்த நேரத்தில் சின்னதைத்தான் எடுக்கும். கரையோரம் துள்ளும் குஞ்சுகளை ஒரு நிமிடம் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும்.

3 அங்குலத்துக்கு 3/0 முள், 4 அங்குலத்துக்கு 4/0, 5 அங்குலத்துக்கு 5/0 அல்லது 6/0. உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் இது சற்று மாறும், ஆகவே றப்பரின் பக்கத்தில் முள்ளை வைத்துப் பாருங்கள். முள்முனை உடலின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் வெளிவர வேண்டும். அதற்கு முன்னால் வந்தால் மீன் வாலை மட்டும் பிடித்துத் தப்பும். அதற்குப் பின்னால் போனால் வாலின் ஆட்டம் செத்துவிடும்.

கம்பியின் தடிப்பை விட்டுவிடாதீர்கள். நன்னீர் பாஸுக்கென்று வரும் மெல்லிய முள் கொடுவாவின் முதல் பாய்ச்சலிலேயே நேராகிவிடும். உப்புத் தண்ணீருக்குரிய பூச்சும் தடித்த கம்பியும் உள்ளதை வாங்குங்கள். கொடுவாவின் வாய் அரத்தாள் போலச் சொரசொரப்பானது, செவுள் மூடியின் ஓரம் பிளேட் மாதிரி வெட்டும். 20 முதல் 30 றாத்தல் பிறெயிட் (பின்னல்) நூலின் முனையில் 40 முதல் 60 றாத்தல் தங்கூசி ஒரு மீற்றராவது லீடராக, அதாவது இரைக்கு முன்னால் கட்டும் தடித்த நூலாக, இருக்க வேண்டும். தலையோடு கட்டும் முடிச்சு இறுகிய முடிச்சாக இல்லாமல் சிறு வளையமாக இருந்தால் இரை தாராளமாக ஆடும்.

கோர்க்கும் முறை

நல்ல இரை கெடுவது இந்த இடத்தில்தான். நிதானமாகச் செய்யுங்கள்.

ஈயத்தலையை றப்பரின் மூக்கோடு ஒட்டிப் பிடித்து, முள்ளின் வளைவு எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் முதுகில் நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். முள்முனையை மூக்கின் நட்டநடுவில் குத்தி, றப்பரை முள்ளின்மேல் ஏற்றிக்கொண்டே போங்கள். முள்ளைத் தள்ளாதீர்கள், றப்பரை நகர்த்துங்கள். கீறலுக்கு நேரே வந்ததும் முதுகின் நடுக்கோட்டில் முனையை வெளியே எடுத்து, மூக்கைத் தலையின் கழுத்துப் பூட்டுவரை இழுத்து ஏற்றுங்கள். கழுத்தில் ஒரு துளி சுப்பர் குளூ விட்டுப் பத்து விநாடி பிடித்தால் பேத்தை கடித்தாலும் இறங்காது.

இப்போது கண்ணுக்கு நேரே பிடித்து மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். உடல் ஓர் ஓரமாக வளைந்தோ, நடுவில் கூனியோ இருந்தால் கழற்றித் திரும்பக் கோர்த்துவிடுங்கள். வளைந்த இரை தண்ணீரில் நீந்தாது, சுழலும். நூல் முறுக்கேறி அடுத்த பத்து வீச்சில் றீலில் கூடு கட்டும். காலடித் தண்ணீரில் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டே தூர வீசுங்கள்.

கண்டல் வேரும் ஆற்றுவாழையும் உள்ள இடத்தில் முனை வெளியே தெரியும் முள் உதவாது. கழுத்தில் படி போல மடிந்த முள் வேண்டும். முனையை மூக்கில் அரை சென்ரிமீற்றர் குத்தி, கீழ்ப்பக்கம் வெளியே எடுத்து, முள்ளின் கண் மூக்கோடு பொருந்தும்வரை இழுத்து, முள்ளை அரைச்சுற்றுத் திருப்புங்கள். முனை உடலைப் பார்த்து நிற்கும். வளைவு தொடும் இடத்தில் குத்தி முதுகால் எடுத்து, முனையின் நுனியை மட்டும் றப்பரின் தோலுக்குள் ஒளித்துவிடுங்கள். தோலுக்குள் மட்டும்தான். ஆழமாகப் புதைத்தால் மீன் கொத்தியும் முனை வெளியே வராது. வளைவுக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியைத் தடித்த றப்பர் முழுவதும் அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான்; மெல்லிய உடலுக்கு மாறுங்கள், அல்லது ஓர் அளவு பெரிய முள் போடுங்கள்.

கொத்து விழுந்தும் மீன் ஏறாவிட்டால்

உறிஞ்சும் மீன் இது. கையில் ‘டப்’ என்று ஒரு தட்டு விழும். அந்தத் தட்டுக்கே தடியை மேலே வெட்டி இழுத்தால் திறந்திருக்கும் வாயிலிருந்து இரை வெளியே வந்துவிடும். நூல் விறைத்துப் பாரம் தெரியும்வரை ஒரு கணம் சுற்றிக்கொண்டே இருந்து, பிறகு தடியைப் பக்கவாட்டில் உறுதியாக இழுங்கள். துள்ளும்போது தடிநுனியைத் தண்ணீர்ப்பக்கம் தாழ்த்துங்கள். ஈயத்தலையின் பாரத்தை வைத்துத்தான் கொடுவா முள்ளை உதறி எறிகிறது.

வாலைக் கொண்டுபோனது யார் என்று வெட்டைப் பார்த்தே சொல்லலாம். கத்தரியால் வெட்டியது போலப் பிறை வடிவில் சுத்தமாகப் போயிருந்தால் பேத்தை. அதன் பற்கள் கிளிமூக்குப் போல ஒட்டியவை. நீளக் கீறல்களாகக் கிழிந்திருந்தால் சீலா. வெட்டே இல்லாமல் றப்பர் முழுவதும் மங்கிச் சொரசொரப்பாகி, தலையிலிருந்து இறங்கியிருந்தால் அது கொடுவா. அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள். பேத்தை என்றால் இருபது முப்பது மீற்றர் நகருங்கள், அல்லது இழுத்தால் பல மடங்கு நீளும் வகை றப்பருக்கு மாறுங்கள். இசட்மேன் கம்பனியின் இரைகள் போன்றவை அந்த வகை. அது சுலபத்தில் கிழியாது, ஆனால் தண்ணீரில் மிதக்கும் தன்மையுள்ளது. ஆகவே வழக்கமான ஈயத்தைவிட ஒரு படி பாரமாகப் போட வேண்டும். சுப்பர் குளூவும் அதில் சரியாகப் பிடிக்காது.

குளத்து விராலுக்கு

உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களில் கணக்கு வேறு. அங்கே ஓட்டம் இல்லை, செடி உண்டு. ஈயமே இல்லாமலோ, மூன்றரை கிராம் குண்டு ஈயத்தோடோ, முனை மறைத்த 3 அல்லது 4 அங்குலப் புழுவை ஆற்றுவாழையின் ஓரத்திலும் தாமரை இலைகளின் இடைவெளியிலும் போட்டு மெதுவாக இழுங்கள். இலைக்கு மேலே றப்பர்த் தவளை. அமெரிக்க பாஸுக்கென்று எழுதிய வழிகாட்டல் ஓரளவு அப்படியே பொருந்துவது இங்கேதான், ஏனென்றால் இரண்டும் செடிக்குள் பதுங்கிப் பாயும் மீன்கள். விராலின் பல் றப்பரைச் சிதைத்துவிடும், விலை கூடியதைக் கொண்டுபோக வேண்டியதில்லை. செங்குஞ்சுக் கூட்டம் தண்ணீர்மேல் கொப்பளித்துக்கொண்டு நகர்ந்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அப்போது எதைப் போட்டாலும் பாய்ந்து கொத்தும். அந்த மீனைப் பிடித்தால் குஞ்சுகள் ஒரு நாளில் இரையாகிப் போகும். வேறு பக்கம் வீசுங்கள். சேனாநாயக்க சமுத்திரம் கல்லோயா தேசியப் பூங்காவைச் சேர்ந்தது, அனுமதி கேட்காமல் அங்கே தூண்டிலோடு இறங்க வேண்டாம். வாவியானாலும் குளமானாலும் முதலை உண்டு. இருட்டில் முழங்கால் தண்ணீரில் நின்று வீசுவதும், சிக்கிய இரையை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்குவதும் கூடவே கூடாது. இரை போனால் போகட்டும்.

நிறம்

தண்ணீர் தெளிந்திருக்கும் சித்திரை முதல் ஆவணி வரை மணலையின் வெள்ளி, கண்ணாடி போன்ற உடலில் மினுக்கம், இளம்பச்சை. மாரியில் வெள்ளம் இறங்கித் தண்ணீர் தேநீர் நிறமானால் வெள்ளை, கிளிப்பச்சை, பொன்னிறம். இரவில் கறுப்பு அல்லது கடும் ஊதா. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வெளிர் வானத்தில் கரிய உருவம்தான் தெளிவாகத் தெரியும். இவ்வளவு போதும்.

வாங்கி வைத்ததைக் காப்பது

வந்த பக்கெற்றிலேயே வையுங்கள். வெவ்வேறு நிறங்களை ஒன்றாகப் போட்டால் சாயம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறும். றப்பர் என்று சொன்னாலும் பெரும்பாலானவை மென்மையாக்கிய பி.வி.சி. மேலே சொன்ன நீளும் வகையை அதனோடு சேர்த்து வைத்தால் இரண்டும் உருகிப் பசையாகும். சில பிளாஸ்ரிக் பெட்டிகளும் அப்படி உருகும். மணச்சாற்றில் ஊறி வரும் பேர்க்லி கல்ப் வகையை முள்ளில் கோர்த்தபடி வெயிலில் விட்டால் சுருங்கிக் கல்லாகும், முள்ளிலிருந்து கத்தியால்தான் செதுக்கி எடுக்க வேண்டும். வீச்சு முடிந்ததும் கழற்றிச் சாற்றுக்குள் போட்டு வாயை இறுக மூடுங்கள்.

பக்கெற்றுக்குள் மடங்கிக் கிடந்த வால் நேராக நீந்தாது. அடுப்பிலிருந்து இறக்கிய சுடுநீரில் அரை நிமிடம் வாலைப் பிடித்து, நேராக்கி, உடனே குளிர்நீரில் விட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். மூக்குக் கிழிந்த 4 அங்குல இரையையும் எறிய வேண்டாம். கிழிந்த பகுதியை நேராக வெட்டி எடுத்தால் அது மூன்றே கால் அங்குல இரை, சின்ன முள்ளில் அப்படியே போகும். வால் போனதை இறால் போல அடியில் துள்ள விடலாம். இரண்டாக அறுந்ததை லைற்றர் சுவாலையில் இரு முனையும் பளபளப்பாகும்வரை காட்டி ஒட்டிப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். புகை எழும், காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். ஒன்றுக்கும் உதவாத துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வாவியில் விழுந்த துண்டை மீன் விழுங்கினால் அது குடலில் ஊதித் தங்கிவிடும்.